விடியக்காலை ரியூசனுக்குப் போகிற மகனை நாய் துரத்தினால்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். களுதாவளையில் இருந்து களுவாஞ்சிகுடிக்கு உங்கள் மகன் விடியக்காலை ஐந்தரைக்குச் சைக்கிளில் ரியூசனுக்குப் போகிறார். ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு வீட்டு நாயும், சந்தைப் பக்கம் ஒரு நாய்க்கூட்டமும் அவரைத் துரத்துகின்றன. போன கிழமை அந்த வீட்டு நாயின் பல் கெண்டைக்காலில் பட்டு இரத்தம் கசிந்தது. மஞ்சள் பூசினீர்கள், ஆறிவிட்டது. "பொல்லொன்று கொடுத்து அனுப்பவா அண்ணன், வேற வழி இருக்கா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொல்லைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அந்தக் கீறல். இதை வாசித்து முடித்ததும் மகனைக் களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு என்று வைக்க வேண்டாம்.

காயம் ஆறியதை ஒரு கணக்காகவே எடுக்கக்கூடாது. விசர்நாய்க்கடி நோயின் கிருமி நரம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல மூளைக்கு ஏறும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும். ஒரு கிழமையிலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அவ்வளவு நாளும் ஆள் ஓடியாடித் திரிவார், சாப்பிடுவார், பள்ளிக்குப் போவார். தண்ணீரைக் கண்டு தொண்டை இறுகுகிற நிலை வந்துவிட்டால் பிறகு எந்த வைத்தியசாலையாலும் காப்பாற்ற முடியாது. அதற்கு முன் ஊசியைத் தொடங்கினால் தப்பலாம். கடிபட்டு ஒரு கிழமை போய்விட்டதே, இனிப் போட்டு என்ன என்று நினைக்க வேண்டாம். பிந்திப் போனாலும் போட வேண்டிய ஊசிதான் அது.

வைத்தியசாலையில் "சின்னக் கீறல்தான்" என்று நீங்களே சொல்லிக் குறைக்காதீர்கள். பல் பட்டது, இரத்தம் வந்தது, எந்த வீட்டு நாய், அதற்கு ஊசி போட்ட அட்டை இருக்கிறதா, நாய் இன்றைக்கும் உயிரோடு சாதாரணமாக நிற்கிறதா என்பதைச் சொல்லுங்கள். இதை வைத்துத்தான் தடுப்பூசி மட்டும் போதுமா, காயத்தைச் சுற்றிப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டுமா, நாயைக் கண்காணித்தால் போதுமா என்று வைத்தியர் முடிவெடுப்பார். ஏற்புவலி ஊசியையும் அவர் கவனிப்பார். தொப்புளைச் சுற்றி ஊசி குத்துவார்கள் என்ற பழைய பயம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அந்தக் காலம் எப்போதோ போய்விட்டது. இப்போது மேற்கையில்தான் போடுகிறார்கள், அரச வைத்தியசாலையில் காசும் இல்லை. பல தவணையாகப் போடுவார்கள். இரண்டு தவணையோடு நிறுத்திவிடுகிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்த காலத்தில் எனக்கு அதிகம் மனவருத்தம் தந்த விசயம் அது. அட்டையில் எழுதித் தருகிற எல்லாத் திகதிக்கும் கட்டாயம் போக வேண்டும், பரீட்சை இருந்தாலும் சரி.

இனிமேல் யாருக்குக் கடித்தாலும், வைத்தியசாலைக்கு வெளிக்கிட முன்னர் வீட்டிலேயே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பைப்பைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டு, காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளம். கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சவர்க்காரம் அதை உடைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் சதையை இன்னும் புண்ணாக்கி, கிருமி உள்ளே போக வழி செய்துவிடும். துணியால் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இரத்தம் நிற்காமல் ஓடுகிற பெரிய கடி என்றால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும்.

சரி, இப்போது நாய்.

மகனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான். நாயை வெல்வது அவருடைய வேலை இல்லை. நாய் தன்னுடையது என்று நினைத்துக் காவல் காக்கிற இடத்தை விட்டு, அதற்கு வெறி ஏற்றாமல் வெளியே வருவதுதான் வேலை. ஒழுங்கை முடிவில் நிற்கிற நாய்க்கு உங்கள் மகனோடு எந்தப் பகையும் இல்லை. கடப்படியில் இருந்து ரோட்டின் இந்தக் கரை வரைக்கும் தன்னுடைய வளவு என்று அது நினைக்கிறது. தினமும் ஒரு சைக்கிள் அந்த இடத்துக்குள் வேகமாக வருகிறது, அது குரைத்துத் துரத்துகிறது, சைக்கிள் ஓடிப் போய்விடுகிறது. ஒவ்வொரு நாளும் தானே வென்றதாக நாய் படித்துக்கொள்கிறது. அதனால்தான் முதலில் குரைத்ததோடு நின்ற நாய் இப்போது காலைப் பிடிக்கிற அளவுக்கு வந்திருக்கிறது. மகன் எவ்வளவு வேகமாக மிதிக்கிறாரோ அவ்வளவுக்கு அதன் துணிச்சல் கூடும். சைக்கிளில் போகிற பெடியனைவிட நாய் வேகமாக ஓடும், அந்தப் போட்டியில் நாம் இறங்கக்கூடாது.

ஆகவே அந்த வீட்டுக்கு இருபது முப்பது அடி இருக்கும்போதே சைக்கிளை மெதுவாக்கி இறங்கச் சொல்லுங்கள். இறங்குவது நாய் நிற்கிற பக்கத்துக்கு மறுபக்கமாக. சைக்கிள் நாய்க்கும் தனக்கும் நடுவில் வர வேண்டும். பிறகு உருட்டிக்கொண்டு ஒரே சீராக நடக்க வேண்டும். நாயின் கண்ணை முறைத்துப் பார்க்கக்கூடாது, முழுக்க முதுகைக் காட்டவும் கூடாது. பக்கவாட்டாக, கடைக்கண்ணால் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டால் போதும். கிட்ட வந்தால் நிற்க வேண்டும். தடித்த குரலில், கத்தாமல், "போ வீட்ட" என்று ஒருமுறை சொல்லலாம். வீட்டுக்காரர் சொல்லிப் பழக்கிய சொல் என்றால் பல நாய்கள் நின்றுவிடும். கீச்சிட்டுக் கத்தினால் எதிர்மாறாக நடக்கும். நாய் நின்ற பிறகும் உடனே ஏறி மிதிக்கக்கூடாது. அந்த வேலி முடிகிற வரைக்கும், அது திரும்பிப் போகிற வரைக்கும் நடைதான்.

எப்போது உண்மையில் பயப்பட வேண்டும் என்பதை நாயின் உடம்பே காட்டும். குரைக்கிற நாயைவிடக் குரைப்பை நிறுத்திய நாயைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப் போட்டு, உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்த்து வாலை ஆட்டுகிற நாயால் அவ்வளவு ஆபத்து இல்லை. அதே நாய் திடீரென்று வாயை மூடி, முன்காலில் பாரத்தைப் போட்டு, அசையாமல் நின்றால் கவனம். தோளில் இருந்து வால் அடி வரைக்கும் மயிர் எழும்பியிருக்கும். வால் கம்பி மாதிரி மேலே நிற்கும், நுனி மட்டும் மெல்ல ஆடும். அதைப் பார்த்து "வாலாட்டுது, நல்ல நாய்" என்று கையை நீட்டியவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். வாலைக் காலுக்குள் செருகி, காதைப் பின்னால் மடித்து, மூலைக்குள் ஒதுங்குகிற நாயும் கடிக்கும். அது பயத்தில் கடிக்கிற கடி. அதற்கு ஓடுவதற்கு ஒரு வழியை விட்டு நாம் விலகினால் போதும், வந்து தாக்காது.

பொல்லு வேண்டாம் என்பேன். பொல்லை வீசினால் நாய் அதைப் பாய்ந்து பிடிக்கப் பார்க்கும், சைக்கிளில் இருக்கிற பிள்ளைக்குச் சமநிலையும் போய்விடும். குடை கொடுத்துவிடுங்கள். மாரியில் எப்படியும் கொண்டுபோக வேண்டியதுதானே. நாய் கிட்ட வந்தால் குடையை அதன் பக்கமாக விரித்துப் பிடித்தால் நடுவில் ஒரு மறைப்பு வந்துவிடும். திடீரென்று விரிவதைக் கண்டே பல நாய்கள் பின்வாங்கும். புத்தகப் பையும் உதவும், முதுகில் இருந்து கழற்றி முன்னால் பிடிக்க வேண்டும்.

கல்லெடுக்கக் குனிவது நம் எல்லோருக்கும் பழக்கம். ரோட்டு நாய்கள் கல்லடி வாங்கிப் பழகியவை, குனிந்தாலே விலகி ஓடும். அது உண்மைதான். ஆனால் சொந்தக் கடப்படியில் நிற்கிற நாய்க்கு அது செல்லாது. குனிந்தால் முகம் அதன் வாய்க்கு நேரே வந்துவிடும். எறிந்த கல்லையும் எறிந்த ஆளையும் நாய் மறப்பதில்லை. அடுத்த நாளும் அதே வழியால் போக வேண்டிய பிள்ளை அந்தப் பகையைத் தேடிக்கொள்ளக்கூடாது.

சந்தைப் பக்கத்துக் கூட்டத்துக்குக் கதை வேறு. மீன் கழிவும் கோழிக் கழிவும் கொட்டுகிற இடத்தில் நாய் கூடும், விடியக்காலையில் ரோட்டில் ஆள் இல்லாததால் ரோடே அவற்றுடையது. ஒரு நாய் தொடங்கினால் மற்றவையும் சேரும். கூட்டத்தில் எது முன்னால் வருகிறதோ அதைத்தான் கவனிக்க வேண்டும், அது நின்றால் மற்றவையும் பெரும்பாலும் நிற்கும். பின்னால் வந்து காலைப் பிடிக்கிற நாய் ஒன்று எப்போதும் இருக்கும். ஆகவே மதிலையோ, பூட்டின கடைக் கதவையோ, நிறுத்தின வாகனத்தையோ முதுகுக்கு வைத்துக்கொண்டு மெல்ல நகர வேண்டும். என்னைக் கேட்டால் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பிரதான வீதியாலேயே போகச் சொல்லுவேன். கல்முனை வீதியில் அந்த நேரம் பஸ்ஸும் லொறியும் ஓடும், வெளிச்சமும் இருக்கும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து போவது இன்னும் நல்லது. கையில் ஒரு ரோச் லைற்றும் இருக்கட்டும். நாய்க்கு அடிக்க அல்ல, படுத்திருக்கிற நாயை மிதிக்காமல், குட்டி போட்டிருக்கிற மதகடியைத் தெரியாமல் நெருங்காமல் இருக்க.

ஒரு பெட்டை நாயின் பின்னால் ஐந்தாறு கடுவன்கள் திரிகிற காலம் ஒன்று வரும், இரண்டு மூன்று கிழமை நீடிக்கும். அந்த நாட்களில் நல்ல நாயும் நல்ல நாயாக இருக்காது. அந்தக் கூட்டத்தைக் கண்டால் வேற வழியால் போய்விட வேண்டும். நாய்ச் சண்டையைப் பிரிக்கக் கையைக் கொடுக்கவே கூடாது, தங்கள் வீட்டு நாய் அடிபட்டாலும்கூட. வாளித் தண்ணீரை ஊற்றுங்கள்.

மோட்டார் சைக்கிளில் போகிறவர்களுக்கும் ஒரு சொல். நாய் கடித்துப் படுகிற காயத்தைவிட நாய்க்குப் பயந்து விழுந்து படுகிற காயம்தான் பெரிது. காலைத் தூக்கிக் காண்டிலில் வைப்பது, நாயை உதைப்பது, சட்டென்று வெட்டுவது மூன்றும் ஆளை விழுத்தும். தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் பிடித்து, நேரே போக வேண்டும். பின்னால் சேலையோடு ஒருபக்கமாக இருந்து, மடியில் பிள்ளையையும் வைத்திருக்கிற தாய்மாரை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் சின்ன மகளைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள், நாயைக் கண்டால் அலறி ஓடுகிறாள் என்று. சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம், நாயின் வாய் அவர்கள் முகத்துக்கு நேரே இருக்கும். முகத்திலும் தலையிலும் கையிலும் பட்ட கடியில் கிருமி மூளைக்குப் போகிற தூரமும் குறைவு. அவளுக்கு இதை ஒரு விளையாட்டாகப் பழக்குங்கள். முற்றத்தில் நிறுத்தி "மரம்" என்று சொன்னால் கையை உடம்போடு சேர்த்து, கீழே பார்த்து, அசையாமல் நிற்க வேண்டும். "கல்" என்று சொன்னால் முழங்காலை மடக்கிக் குப்புறச் சுருண்டு, விரல்களைக் கோர்த்துப் பிடரியை மூடி, முழங்கையால் காதை மறைக்க வேண்டும். நாய் வந்து மணந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சொல்லிக்கொடுத்தால் போதாது. பயத்தில் மூளை வேலை செய்யாது, உடம்புக்குப் பழக்கம் இருந்தால்தான் வரும். அவளுக்கு விளங்குகிற மாதிரி இன்னொன்றும் சொல்லுங்கள்: சாப்பிடுகிற நாய், நித்திரை கொள்கிற நாய், குட்டியோடு இருக்கிற நாய், சங்கிலியில் கட்டின நாய், இந்த நான்கிடமும் போகக்கூடாது. தெரிந்த வீட்டு நாய் என்றாலும்தான்.

எல்லாம் செய்தும் நாய் பிடித்துவிட்டால் இழுக்கக்கூடாது. இழுக்க இழுக்கச் சதை கிழியும். பையையோ, செருப்பையோ, குடையையோ அதன் வாய்க்குக் கொடுக்க வேண்டும், உதவிக்குக் கத்த வேண்டும். விழுந்துவிட்டால் மகளுக்குச் சொன்ன அதே "கல்"தான் பெரியவர்களுக்கும். கழுத்தும் முகமும் முக்கியம்.

இதுவரைக்கும் சொன்னது சுகமான நாயைப் பற்றி. விசர் பிடித்த நாய் இந்தக் கணக்கு எதற்கும் அடங்காது. அதற்குத் தன் எல்லை என்று ஒன்று இருக்காது. ஊர் விட்டு ஊர் திரியும், காரணமில்லாமல் கட்டையையும் கல்லையும் வேலியையும் கடிக்கும், குரல் கரகரத்து மாறியிருக்கும், வாயால் நீர் வடியும். இன்னொரு வகையும் உண்டு, ஆட்களை ஏமாற்றுவது அதுதான். கட்டிலுக்கடியில், இருட்டு மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், பின்கால் இழுபடும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதாக்கும் என்று பாவப்பட்டு வாய்க்குள் கையை விடுவார்கள். வட்டைப் பக்கம் மாடு வளர்க்கிறவர்களும் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். விசர் நாய் கடித்த மாடும் வாயால் நீர் வடித்து, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தும். கையை விடாமல் கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள். விசர் நாய் தண்ணீருக்குப் பயப்படும், ஆற்றைக் கடக்காது என்பது பிழை. தண்ணீருக்குப் பயப்படுவது நோய் வந்த மனிதர். நாய் தண்ணீர் குடிக்கும், நீந்தியும் போகும். குட்டிக்கு விசர் வராது என்பதும் பிழை. பூனை கீறினாலும், குரங்கோ கீரியோ கடித்தாலும் இதே கழுவலும் இதே வைத்தியசாலையும்தான்.

உலகத்தில் மனிதருக்கு வருகிற விசர்நாய்க்கடி நோயில் 99 வீதம் வரைக்கும் நாயால்தான் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு ஊரில் 70 வீதம் நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் அந்த ஊரில் பரவ முடியாது என்பதும் அவர்களுடைய கணக்குத்தான். ஆகவே உங்கள் ஒழுங்கைப் பிரச்சினையின் மறுபாதி அந்த வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். உங்கள் கணவர் பின்னேரம் போய், "அண்ணன், நம்மட பெடியனுக்குப் பல் பட்டிட்டு, நாய்க்கு ஊசி போட்ட அட்டையை ஒருக்காக் காட்டுங்க, டொக்டர் கேக்கிறார்" என்று சொன்னால் பெரும்பாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள். கடித்த நாளில் இருந்து பத்து நாளாவது, இங்கே நாங்கள் பதினான்கு நாள் என்றுதான் சொல்லுவோம், நாயைக் கட்டி வைத்துச் சாப்பாடு கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விசர் பிடித்த நாய் அந்த நாட்களுக்குள் மாறிவிடும் அல்லது செத்துவிடும். நாயை அடித்துக் கொல்ல ஒருவரும் போகக்கூடாது. கொன்றுவிட்டால் பார்ப்பதற்கு நாய் இல்லை. இடையில் அதுவாகச் செத்தால் புதைக்காமல் உடனே பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்ல வேண்டும். தலையை ஐஸில் வைத்துக் கொழும்பு வைத்திய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அனுப்பி மூளையைப் பரிசோதிக்கலாம். வெறுங்கையால் தொட வேண்டாம்.

அந்த நாயைக் காலம் முழுக்கச் சங்கிலியில் கட்டி வைப்பது தீர்வு ஆகாது. பகல் முழுக்கக் கட்டிக் கிடந்து விடியக்காலையில் அவிழ்த்துவிடப்படுகிற நாய்தான் ரோட்டில் கண்டதை எல்லாம் துரத்துகிறது. வேலியை அடைத்து, கடப்பை மூடி, வளவுக்குள் அவிழ்த்துவிட்டால் அதன் வெறி பாதி குறையும். முடிந்தால் வெளிச்சமான நேரத்தில் மகன் சைக்கிளோடு அந்த வீட்டுக்குப் போய், வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்க, ஒரு துண்டுப் பாணை நிலத்தில் போட்டுவிட்டு வரட்டும். சில நாள் இப்படிச் செய்தால் அந்த மணமும் அந்த மணியோசையும் நாய்க்குப் பழகிவிடும். துரத்திக்கொண்டு வருகிற நேரத்தில் சாப்பாடு போடுவது வேற, அது துரத்துவதற்குக் கூலி கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

சந்தைக் கூட்டத்துக்கு ஒரு வீட்டுக்காரர் இல்லை. ஆனால் அந்த நாய்கள் வானத்தில் இருந்து விழவில்லை. பெட்டைக் குட்டி என்று சாக்கில் கட்டிக் கொண்டுவந்து இரவோடு இரவாகச் சந்தையிலும் கடற்கரை வாடியிலும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் நம் ஆட்கள்தான். எனக்கு இதில் மிகுந்த கோபம் உண்டு. கருத்தடை செய்ய ஒரு நாள் கால்நடை வைத்தியரிடம் போகப் பஞ்சிப்பட்டு, ஊர்ப் பிள்ளைகளின் காலை அடகு வைக்கிற வேலை அது. 2006ஆம் ஆண்டிலிருந்து கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதை அரசு நிறுத்திவிட்டது. கொன்ற காலத்திலும் குறைந்ததில்லை, குப்பை இருக்கும்வரை அடுத்த கூட்டம் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். ஊசி, கருத்தடை, கழிவை ஒழுங்காக அகற்றுவது, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் குறையும்.

அதனால் ரியூசன் பிள்ளைகளின் பெற்றார் சேர்ந்து ஒரு கடிதம் எழுதுங்கள். மண்முனை தென் எருவில் பற்றுப் பிரதேச சபைக்கு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கிராம உத்தியோகத்தருக்கும். "நாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதினால் கோவைக்குள் போய்விடும். எந்த இடம், எத்தனை மணிக்கு, எத்தனை நாய், யார் யாருக்குக் கடித்தது, கழிவை எங்கே கொட்டுகிறார்கள் என்று எழுதுங்கள். நாய்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1901ஆம் ஆண்டில் இருந்தே இருக்கிறது, அந்தப் பதிவு உள்ளூராட்சி சபையின் பொறுப்பு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். கால்நடை வைத்திய அலுவலகத்தில் உங்கள் பக்கத்துக்கு ஊசி போட எப்போது வருவார்கள் என்று கேட்டு, அந்தத் திகதியைக் கோயிலிலும் பள்ளியிலும் சொல்லச் செய்யுங்கள். முதலில் வைத்தியசாலை, தங்கச்சி. கடிதம் நாளைக்கு எழுதலாம்.